ஆவணிக்குக் காத்திருந்த விண்ணப்பம்

என் கணவர் குன்னூர் கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கிறார். ஆடி பிறந்தால் கடை வாசலில் 'ஆடித் தள்ளுபடி' என்று சிவப்புத் துணி தொங்கும். ஸ்வெட்டரும் கம்பளியும் சேலையும் வெளியே மேஜைக்கு வந்துவிடும். வியாபாரத்துக்கு ஆடியைப் போல நல்ல மாதம் கிடையாது என்பார். அதே மனிதர் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுப் படி ஏறும்போது ஆடி கெட்ட மாதமாகிவிடும். வீட்டுக்குப் புதிதாக ஒரு குக்கர் வாங்கலாம் என்றால்கூட, "ஆடி போகட்டும்" என்பார். நீங்கள் அடுத்தவர் வீட்டுக்கு விற்கும் கம்பளிக்கு மட்டும் ஆடி ஒன்றும் செய்யாதா என்று நான் கேட்டதுண்டு. கல்யாணமான நாளிலிருந்து இதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். மகளின் வேலை விஷயத்தில் ஆடி குறுக்கே வந்து படுத்த பிறகு எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

மகள் அப்போது கோயம்புத்தூரில் விடுதியில் தங்கி எம்.எஸ்ஸி. புள்ளியியல் படித்துக்கொண்டிருந்தாள். கடைசி வருஷம் தொடங்கியிருந்தது. சனிக்கிழமை பஸ் ஏறி மேலே வருவாள், ஞாயிற்றுக்கிழமை இறங்குவாள். அவளுக்கு ஒரே ஓர் ஆசை. 'குவான்ட்' வேலை. பங்குச் சந்தையில் விலை ஏறுவதையும் இறங்குவதையும் கணக்காக்கி, அந்தக் கணக்கைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை என்று எனக்குப் புரியும்படி சொன்னாள். நேர்காணலில் நிகழ்தகவுப் புதிர்களாகக் கேட்பார்களாம். அதற்காகச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நாணயத்தைச் சுண்டிக்கொண்டே இருப்பாள். தொடர்ந்து இரண்டு தலை விழ எத்தனை முறை சுண்ட வேண்டியிருக்கும் என்று என்னைக் கேட்பாள். ரசம் ஆறுகிறது, முதலில் சாப்பிடு என்பேன்.

ஆடி பிறப்பதற்கு முந்தைய வாரம் அவள் வந்தபோது முகமே வேறாக இருந்தது. அவளுக்கு முன்னால் அதே துறையில் படித்து, இப்போது மும்பையில் அந்த வேலையில் இருக்கிற ஒரு பெண்ணிடம் போனில் பேசியிருக்கிறாள். அந்தப் பெண் சொன்னதை என்னிடம் அப்படியே ஒப்பித்தாள்.

"படிச்சு முடிக்கிறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே அப்ளிகேஷன் போட்டுடணுமாம்மா. அடுத்த வாரம் திறக்குது. கடைசித் தேதின்னு புரட்டாசியில ஒண்ணு போட்டிருக்கு. ஆனா அதை நம்பாதேன்னு சொன்னாங்க. வர வர எடுத்துப் பாப்பாங்களாம். ஆள் ரொம்பிடுச்சுன்னா தேதி இருந்தாலும் மூடிடுவாங்களாம்."

எனக்கு இது உடனே புரிந்தது. நான் ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் கிளார்க். கணிதம் எனக்குத் தெரியாது. ஆனால் மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலுக்கு நின்றவள். ரயில் கிளம்பும் நேரம் பலகையில் எழுதியிருக்கிறது என்பதற்காக அந்த நேரத்துக்குப் போய் நின்றால் இடம் கிடைக்குமா? வரிசை விடியும் முன்பே நின்றிருக்கும். நாம் கையில் கூடையோடு ரயில் புகையைப் பார்த்துவிட்டு பஸ் ஏற வேண்டியதுதான். போட்டுவிடு என்றேன். அவள் தயங்கினாள். அப்பாவிடம் கேட்க வேண்டும் என்றாள்.

கேட்டாள். அன்று இரவுச் சாப்பாட்டின்போதே கேட்டாள். அவர் முதலில் சொன்னது: "படிப்பே இன்னும் முடியலை, அதுக்குள்ள என்ன கண்ணு வேலை?"

"இதுக்கு அப்பிடித்தானுங்கப்பா."

"சர்டிபிகேட் இல்லாம எவன் வேலை குடுப்பான்? கைல காயிதம் இல்லாம போயி நின்னா நாளைக்கு மரியாதையா இருக்குமா?"

அடுத்தது, ஷேர் மார்க்கெட் என்றால் சூதாட்டம் அல்லவா என்றார். அதற்கு அவள் ஒரு மணி நேரம் பொறுமையாக விளக்கம் சொன்னாள். மூன்றாவதாக, மும்பை தூரம் என்றார். ஒற்றைப் பெண் பிள்ளை அவ்வளவு தூரத்தில் என்றார். அவள் கண் கலங்கிவிட்டது. நான் எழுந்து போய்ப் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினேன். எனக்குக் கோபம் வந்தால் பாத்திரம்தான் பேசும்.

காலையில் அவர் மனம் மாறியிருந்தது. கெட்டவரில்லை என் கணவர். மகள் முகம் வாடினால் அவருக்குத் தூக்கம் வராது. காப்பி குடித்துக்கொண்டே, "செரி கண்ணு, போட்டுக்க. மும்பைன்னாலும் பரவால்ல. நான் கொண்டுபோயி விடறேன்" என்றார். மகள் துள்ளி எழுந்தாள். அப்போதுதான் அடுத்த வரி வந்தது. "ஆனா ஆடி மட்டும் போயிறட்டும். ஆவணி பொறந்ததும் நல்ல நாளாப் பாத்து, சாமி கும்பிட்டுப்போட்டுப் போடலாம். வாழ்க்கையில மொத வேலை. ஆடியில வேண்டாம்."

நான் கேட்டேன். "ஏனுங்க, ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொன்னாங்களே, அது எந்த ஊருல?"

"அது வெதைக்கிறதுக்கு."

"இதுவும் வெதைக்கிறதுதானுங்க. வேலையா குடுத்துட்டாங்க, நாளைக்கே போய் உக்கார? எழுதித்தானே போடறா?"

"உனக்கு எல்லாத்துக்கும் ஒரு பேச்சு இருக்குது" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். கடையில் சிவப்புத் துணி கட்டுகிற வேலை இருந்தது.

அவரையாவது புரிந்துகொள்ளலாம். மகளை என்ன செய்வது? நிகழ்தகவு படிக்கிற பெண். ஒரு மாதம் தள்ளிப்போனால் வாய்ப்பு எவ்வளவு குறையும் என்று தாளில் போட்டுக் காட்டக்கூடியவள். அவள் சொல்கிறாள்: "விடும்மா. அப்பா மும்பைக்குச் சரின்னதே பெருசு. இதுக்கும் சண்டை போட்டா அதையும் திருப்பி வாங்கிக்குவாரு. ஒரு மாசம்தானே. கடைசித் தேதி புரட்டாசியிலதான் இருக்கு."

"அந்தத் தேதியை நம்பாதேன்னு நீதானே சொன்னே?"

"எல்லாக் கம்பெனியும் அப்பிடி இருக்காதும்மா."

அவரிடம் பேசினால் சுவர். இவளிடம் பேசினால் பஞ்சு. எங்கே முட்டிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. தொழிற்சாலைக்குப் போய் அங்கே ஒரு சிடுசிடுப்பு. ஆடி என்று பார்த்துச் செடி துளிர்க்காமல் இருக்கிறதா, ஆடி என்று பார்த்து லாரி இலை கொண்டுவராமல் இருக்கிறதா என்று அலுவலகத்தில் யாரிடமோ கத்தினேன். அவர் லீவு கேட்க வந்தவர். பாவம், லீவு கேட்காமலேயே திரும்பிப் போய்விட்டார்.

எனக்கு ஒரு வழி தோன்றியது. ஆடிப் பதினெட்டு. ஆடியிலேயே அந்த ஒரு நாள் நல்ல நாள் என்று எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்களே. அன்றைக்குத் தொட்டது பெருகும் என்பார்களே. என் கணவரிடம் சொன்னேன். யோசித்தார். பொள்ளாச்சியில் இருக்கிற அவருடைய அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டார். எங்கள் வீட்டில் நாள் நட்சத்திரத்துக்கு என் நாத்தனார்தான் மேலிடம். போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"பதினெட்டு நல்ல நாள்தான் சாமி. அம்மிணியைப் போடச் சொல்லு. ஆனா நீ கூட இருந்து விளக்கேத்தி வெச்சுப் போடோணும். அப்பன் இல்லாம மொதக் காரியம் பண்ணக் கூடாது."

எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. நாத்தனாரை அன்று ஒருநாள் மனதார வாழ்த்தினேன். மகள் அந்த நாளுக்கென்று கல்லூரிக்கு லீவு போட்டு மேலே வந்தாள். விளக்குத் தேய்த்து ஏற்றி வைத்தேன். தேங்காய்ப்பால் சாதம் செய்தேன்.

அவர் காலையில் கடையைத் திறந்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று போனார். ஆடிப் பதினெட்டுக்குத் துணி எடுப்பவர்கள் கூட்டம். மதியம் போன் செய்தேன், சாயங்காலம் வருகிறேன் என்றார். சாயங்காலம் செய்தேன், கடைப் பையன்களை விட்டு எப்படி வருவது என்றார். அவர் வந்தபோது விளக்கில் எண்ணெய் தீர்ந்திருந்தது. பொழுது சாய்ந்த பிறகு எப்படிப் போடுவது, பேசாமல் ஆவணியிலேயே போடலாம் என்று அவரே முடிவு சொன்னார். மகள் தேங்காய்ப்பால் சாதத்தைத் தட்டில் அளைந்துகொண்டிருந்தாள். அன்று எனக்கு அவர்மேல் வந்த கோபம் இப்போது எழுதும்போதும் அப்படியே வருகிறது. தள்ளுபடி விற்பனைக்கு ஆகிற ஆடி, பெற்ற பெண்ணுக்கு ஆகவில்லை.

"நீயே போட்டுடு. அவருக்கு அப்புறம் சொல்லிக்கலாம்" என்று மறுநாள் அவளைப் பஸ் ஏற்றும்போது சொன்னேன். மேல்காற்று குடையைப் பிடுங்கிக்கொண்டிருந்தது.

"அப்பாவுக்குத் தெரியாம போட்டு, கிடைக்காமப் போச்சுன்னா, ஆடியில போட்டதாலதான்னு ஆயுசுக்கும் சொல்லுவாரும்மா" என்றாள். அதிலும் ஒரு நியாயம் இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

ஆவணி பிறந்தது. பிறந்தால் போதுமா? முதல் வாரம் தேய்பிறை என்றார் நாத்தனார். வளர்பிறை வரட்டும் என்றார். வளர்பிறை வந்தால் அஷ்டமி என்றார். பிறகு ஒரு நல்ல நாள் அமைந்தது, அன்று மழையில் மரம் விழுந்து மலைப் பாதை அடைத்து, கோவையிலிருந்து மகள் வர முடியவில்லை. விடுதியிலிருந்தே போட்டால் என்ன என்றேன். அப்பன் பக்கத்தில் இருக்க வேண்டுமே. இதற்கிடையில் அவளுடைய பேராசிரியரிடம் பரிந்துரைக்குப் போனால், அவர் தன் பங்குக்கு, "ரிசல்ட் வரட்டும்மா, என்ன அவசரம்?" என்றாராம். கடைசியில் கொடுத்தார். ஊரில் யாருக்குமே அவசரம் இல்லை. எனக்கு மட்டும் என்ன வந்தது என்று சில நாள் நானே என்னைக் கேட்டுக்கொண்டேன்.

முகூர்த்த நாள் வந்தது. நாத்தனாரே பொள்ளாச்சியிலிருந்து வந்துவிட்டார். என் கணவர் கடைக்கு லீவு விட்டிருந்தார், அதைச் சொல்ல வேண்டும். மடிக்கணினியைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, அதன் மூடியில் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். தேங்காய் உடைத்தார்கள். இராகு காலம் முடியட்டும் என்று எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மகள் புதுச் சுடிதாரில் பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காத்திருப்பவளைப் போல இருந்தாள். முடிந்ததும் அப்பாவின் காலில் விழுந்து எழுந்து, திறந்தாள்.

அவள் மிகவும் ஆசைப்பட்ட கம்பெனியின் பக்கம் முதலில் வந்தது. இந்த ஆண்டுக்கான விண்ணப்பங்கள் முடிந்துவிட்டன என்று ஆங்கிலத்தில் ஒற்றை வரி. புரட்டாசித் தேதி அதன் கீழேயே இருந்தது.

"என்னாச்சு கண்ணு? நெட்டு வரலையா?" என்றார் அவர்.

"மூடிட்டாங்கப்பா."

இரண்டாவதும் மூடியிருந்தது. மூன்றாவது திறந்திருந்தது. அதில் போட்டாள். நாத்தனார் கற்பூரம் காட்டினார். ஒரு வாரம் கழித்துத் தேர்வு அனுப்பினார்கள். நன்றாக எழுதினேன் என்றாள். பிறகு, நீங்கள் நன்றாகச் செய்திருக்கிறீர்கள், ஆனால் இடங்கள் ஏற்கெனவே நிரம்பிவிட்டன என்று பதில் வந்தது. அதைப் படித்துவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே நாணயம் சுண்டும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

அவரைச் சொல்ல வாய் வரை வந்ததை எல்லாம் விழுங்கினேன். அவரே, "அடுத்த வருஷம் போட்டுக்கலாம். படிப்பும் முடிஞ்சிருக்கும், சர்டிபிகேட்டும் கைல இருக்கும். இன்னும் நல்லதுதான்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் அதில் ஒரு நம்பிக்கை இருந்தது. ஒரு வருஷம்தானே என்று நானும் என்னைத் தேற்றிக்கொண்டேன். மகளும் பரீட்சையில் நல்ல மதிப்பெண் வாங்கி, காகிதத்தோடு வீடு வந்து சேர்ந்தாள்.

அடுத்த ஆடி வந்தது. அந்த வருஷம் என் கணவர் செய்ததைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். ஆடி ஒன்றாம் தேதி. சிவப்புத் துணி கட்டவில்லை. கடையைத் திறக்கவுமில்லை. குளித்துவிட்டு வந்து மகளுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "போடு கண்ணு. இராகு காலமாவது எமகண்டமாவது. மொத ஆளாப் போடு" என்றார். அக்காவுக்குப் போன் செய்யவில்லை. இந்த மனிதருக்கு இவ்வளவு தூரம் வர முடியும் என்றால் போன வருஷமே வந்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. ஆனாலும் மனசு குளிர்ந்தது. இருவருக்கும் காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தேன்.

பக்கம் திறந்திருந்தது. பெயர் எழுதினாள். படிப்பு எழுதினாள். படிப்பு முடிக்கும் ஆண்டு என்று ஒரு கட்டம். அதை அழுத்தினால் ஆண்டுகள் வரிசையாக விரியும், அதில் ஒன்றைத் தொட வேண்டும். விரிந்ததில் அடுத்த ஆண்டு இருந்தது. அதற்கும் அடுத்த ஆண்டு இருந்தது. அவள் கை அப்படியே நின்றது.

"என்ன கண்ணு?"

"என்ற வருஷம் இதுல இல்லப்பா."

"கீழ தள்ளிப் பாரு."

தள்ளினாள். இல்லை. "மேல தள்ளு" என்றார். மேலேயும் இல்லை. வேறு கம்பெனிகளையும் திறந்தாள். அங்கும் அப்படித்தான்.

அவருக்குப் புரியவில்லை. "அதென்ன? படிச்சு முடிச்சவங்கதானே வேலைக்கு வேணும்?"

"இதுக்கு முடிக்கப் போறவங்கதாம்ப்பா வேணும். முடிச்சவங்களுக்கு வேற வழி. எங்காச்சும் வேலை பாத்த அனுபவத்தோட போகோணும்." மெதுவாகத்தான் சொன்னாள். குரலில் குற்றம் சொல்வது இல்லை, அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். காப்பி அப்படியே இருந்தது.

மகள் இப்போது பெங்களூரில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இருக்கிறாள். வேலை மோசமில்லை. யாருக்கு எப்போது உடம்புக்கு வரும், வண்டி எங்கே இடிக்கும் என்று கணக்குப் போடுகிறாள். அனுபவத்தோடு போகிற வழியில் அந்தக் குவான்ட் வேலைக்கு இன்னும் முயற்சி செய்துகொண்டிருக்கிறாள். கிடைக்கலாம். கிடைக்காமலும் போகலாம். எவ்வளவு வாய்ப்பு என்று கேட்டால், "தெரியலைம்மா" என்கிறாள். நிகழ்தகவு படித்த பெண் இப்படிப் பதில் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை.

என் கணவருக்கு ஒரு புது நோய் வந்திருக்கிறது. கடைக்கு யார் வந்தாலும், வீட்டில் காலேஜ் படிக்கிற பிள்ளை இருக்கிறதா என்று கேட்கிறார். இருக்கிறது என்றால் போச்சு. ஸ்வெட்டர் எடுக்க வந்தவர் அரை மணி நேரம் நிற்க வேண்டும். பிள்ளை வணிகவியல் படித்தாலும் விடுவதில்லை, நர்சிங் படித்தாலும் விடுவதில்லை. எந்த வேலைக்கு எப்போது போட வேண்டும் என்று எல்லாருக்கும் ஒரே அறிவுரைதான். கடைப் பையன்கள் அவர் வாயைத் திறக்கும் முன்பே ஸ்டூலை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். வியாபாரத்தைப் பாருங்கள் என்று நான் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன்.

போன மாதம் ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வரும் வழியில் கடைக்குப் போயிருந்தேன். கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள். மகள் சென்னையில் கணிதம் படிக்கிறாளாம், அடுத்த வருஷம் முடிக்கிறாளாம். எனக்குப் பகீர் என்றது. அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"இப்பவே போடச் சொல்லுங்க. படிப்பு முடியட்டும்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க. அங்க கடைசித் தேதின்னு ஒண்ணு எழுதியிருப்பாங்க, அதை நம்பக் கூடாதுங்க. மொத நாளே போட்டுடோணும். ஆடின்னும் பாக்காதீங்க, அஷ்டமின்னும் பாக்காதீங்க."

அந்த மனிதர் கம்பளியைத் தடவிப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். அந்த அம்மாள்தான் கேட்டார். "இவ்வளவு விவரம் வெச்சிருக்கீங்களே, உங்க ஊட்டுல யாராச்சும் அந்த வேலையில இருக்காங்களா?"

நான் குறுக்கே பேச வாயெடுத்தேன். அதற்குள் என் கணவர் கம்பளியை மடித்துப் பைக்குள் வைத்தபடியே சொல்லிவிட்டார்.

"என்ற பொண்ணு இருந்திருப்பாளுங்க. அவளுக்கு நான் நாள் பாத்தேன்."